இல்லமா, போர்டிங்கா, ஆச்சி வீடா?

போன அறுப்பின் பண்டிகை முடிந்த வாரம் எங்கள் சேகரத்துக்கு, அதாவது பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சபைகள் சேர்ந்த எங்கள் திருச்சபைப் பிரிவுக்கு, ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஊரில் பிறந்து, மும்பையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணாச்சி எழுதியிருந்தார். ஊருக்கு வெளியே தனக்கு இருக்கிற 40 சென்ட் நிலத்தையும், ஐந்து வருஷத்துக்கு வருஷம் 6 லட்சம் ரூபாயையும் திக்கற்ற பிள்ளைகளுக்காகத் தருவதாகச் சொல்லியிருந்தார். கமிட்டியில் எல்லாருக்கும் சந்தோஷம். "அப்போ ஒரு இல்லம் கட்டிரலாம்" என்றார் ஒருவர். அண்ணாச்சியின் தாயார் பெயரையே கட்டடத்துக்கு வைக்கலாம் என்பது வரை பேச்சு போய்விட்டது.

நான்தான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். "சரி, நீங்களே எல்லா வழியையும் விசாரிச்சு எழுதிக் கொண்டு வாங்க" என்றார் ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). அப்படி எழுதியதுதான் இது. இதே கேள்வியோடு வேறு சபைகளும் இருக்கும் என்பதால் பொதுவில் வைக்கிறேன்.

நான் ஏன் பொறுக்கச் சொன்னேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பனையேறி. எனக்கு எட்டு வயதில் மரத்திலிருந்து விழுந்து இறந்தார். அம்மா பீடி சுற்றினாள். நானும் தங்கச்சியும். யாரோ நல்ல மனதோடுதான் சொன்னார்கள், தூரத்து ஊரில் ஓர் இல்லம் இருக்கிறது, பையனைக் கொண்டுபோய் விட்டால் சோறும் படிப்பும் கிடைக்கும் என்று. அம்மா கொண்டுபோய் விட்டாள். நாலு வருஷம் அங்கே இருந்தேன். சோறு கிடைத்தது, படிப்பும் கிடைத்தது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் என்னைச் சேர்த்த விண்ணப்பப் பாரத்தில் பெற்றோர் இல்லை என்று எழுதியிருந்தார்கள். பணம் அனுப்புகிறவர்கள் பார்க்க வரும்போது அம்மா இருக்கிறாள் என்று சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள். பனங்கிழங்கை அவித்துத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். உள்ளே ஆட்கள் வந்திருந்தால் அவர்கள் கிளம்பும்வரை அவளைப் பார்க்க விட மாட்டார்கள்.

ஆறாம் வகுப்புக்குப் பிறகு ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துப் போர்டிங்குக்கு மாறினேன். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம். அங்கேயும் பருப்புத் தண்ணீர்தான், அங்கேயும் பிரம்படிதான். ஆனாலும் நான் ஒரு வீட்டுப் பிள்ளை என்பது எனக்குத் திரும்பக் கிடைத்தது. பிற்பாடு வேலைக்குப் போன பிறகுதான் எனக்காக அந்த இல்லத்துக்கு மாதாமாதம் வந்த தொகை எவ்வளவு என்று தெரிய வந்தது. அதில் பாதி அம்மா கைக்கு வந்திருந்தால் என்னை அவள் எங்கேயும் விட்டிருக்க மாட்டாள்.

இந்த அனுபவத்தால் நான் ஒரு பக்கம் சாய்ந்தவன் என்று வாசிக்கிறவர்கள் நினைக்கலாம். சாய்ந்தவன்தான். அதனாலேயே மற்ற பக்கத்தை அதிகமாகத் தேடிப் படித்தேன்.

முதலில் வீடு வீடாகப் போனோம். ஐயரின் மனைவி ஐயரம்மா, பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேர், நான். சேகரத்துக்குட்பட்ட ஊர்களில் யார் யாரைத் திக்கற்ற பிள்ளைகள் என்று சொல்லலாம் என்று, கிறிஸ்தவக் குடும்பமா இந்துக் குடும்பமா என்று பார்க்காமல் எடுத்தோம். 11 பிள்ளைகள் தேறினார்கள். அப்பா அம்மா இருவருமே இல்லாதவர்கள் அதில் 3 பேர். மற்ற 8 பேருக்கும் அம்மா இருக்கிறாள். உலகம் முழுக்க இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று குழந்தைகள் நலத்தில் வேலை செய்கிறவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். எங்கள் ஊர்க் கணக்கும் அதையே காட்டியது. நம்முடைய வேதாகமத் தமிழில் அநாதை என்று போடாமல் திக்கற்ற பிள்ளை என்று போட்டிருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். அப்பா அம்மா இல்லாதவன் என்ற அர்த்தம் அதில் இல்லை. போக ஒரு திசை இல்லாதவன் என்றுதான் இருக்கிறது. யாக்கோபு நிருபத்தில் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒரே மூச்சில் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது. விதவையைக் கேட்டுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ள அந்த வசனத்தில் இடம் இல்லை.

இல்லம் கட்டுவது

இல்லம் என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்குத் திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூர்தான் நினைவுக்கு வரும். மிஷனரியாக வந்த ஏமி கார்மைக்கேல் அம்மாவிடம் முதல் சிறுமி ஓடி வந்தது 1901 மார்ச்சில். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பிள்ளை. அவளைத் திருப்பி அனுப்ப ஒரு வீடு இல்லை, வீடே அவளைக் கொடுக்கத்தான் இருந்தது. அப்படி வந்தவர்களுக்காக எழுந்தது டோனாவூர் ஐக்கியம். 1918 முதல் ஆண்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதியும் தொழிற்பள்ளியும் தொடங்கியது 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி. அந்தப் பஞ்சத்தில் குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள். மிஞ்சிய பிள்ளையை யார் வீட்டில் விடுவது? இரண்டு இடத்திலும் இல்லம் கட்டியது சரிதான். வேறு வழி இருக்கவில்லை.

டோனாவூரில் நான் கவனிக்கிற இன்னொன்று, அங்கே பெரிய கூடம் கட்டி வரிசையாகப் படுக்க வைக்கவில்லை. சின்னச் சின்னக் குடில்கள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஓர் அக்காள். ஆண்பிள்ளைகள் பக்கம் அண்ணாச்சிகள். ஏமி கார்மைக்கேலை எல்லாரும் அம்மா என்றே கூப்பிட்டார்கள். முகம் மாறாத ஓர் ஆள் பிள்ளைக்கு வேண்டும் என்பதை எந்த ஆராய்ச்சியும் வருவதற்கு முன்னாலேயே அவர்கள் கண்டுகொண்டார்கள்.

ஆராய்ச்சி பின்னாளில் வந்தது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், அரசு இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள், மற்றவர்கள் வழக்கமான இல்லப் பராமரிப்பில் தொடர்ந்தார்கள். வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும் மனப்பிணைப்பிலும் முன்னேறியிருந்தார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டுதல்களிலும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குடும்பச் சூழலிலேயே மாற்றுப் பராமரிப்பு தர வேண்டும் என்று இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இருந்த இல்லத்தில் ஒரு தொட்டில் அறையும் இருந்தது.

இப்போது நடைமுறைக்கு வருவோம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் எந்த இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். சபை நடத்துகிறது, ஐயர் நடத்துகிறார் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. பதிவில்லாமல் நடத்தினால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். யாரோ ஒருவர் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார், நாங்கள் சேர்த்துக்கொண்டோம் என்ற பழைய முறை இனிச் செல்லாது. பிள்ளையை அந்தச் சட்டப்படி மாவட்டத்தில் அமைந்த குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்தி, அவர்கள் உத்தரவு போட்டால்தான் சேர்க்க முடியும். விதிகளில் 50 பிள்ளைகளுக்கான இல்லம் என்று கணக்கிட்டு, தலைக்கு 40 சதுர அடி படுக்கையிடம், நோயறை, வகுப்பறை என்று அளவு சொல்லியிருக்கிறார்கள். வீட்டுத்தாய், ஆற்றுப்படுத்துநர், சமையல்காரர், காவலர் என்று ஆட்களும் வேண்டும். வருஷம் 6 லட்சத்தில் இது நடக்காது. நடத்தினால் ஆள் குறையும். இல்லத்தில் ஆள் குறைந்தால் இரவில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? அந்தப் பயம் எனக்கு நிறைய இருக்கிறது, காரணத்தோடு.

அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நாங்களோ அதை முதல் வழியாக எடுத்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று, வெளிநாட்டுப் பணத்தை நம்பி இல்லம் நடத்துகிறவர்கள் யோசிக்க வேண்டியது. 2017 மார்ச்சில் கம்பாஷன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ உதவி நிறுவனம் இந்தியாவில் வேலையை முடித்துக்கொண்டபோது அதன் உதவியில் ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகள் இருந்தார்கள். அரசியலை நான் பேச வரவில்லை. பணம் நின்றால் பிள்ளை எங்கே நிற்கும் என்பதுதான் என் கேள்வி. அம்மாவோடு இருக்கிற பிள்ளைக்கு உதவி நின்றால் கஷ்டம், ஆனாலும் வீடு இருக்கும். இல்லத்துப் பிள்ளைக்கு அந்த வீடே போய்விடும்.

போர்டிங்

இல்லமும் போர்டிங்கும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சட்டத்திலேயே இரண்டும் வேறு. போர்டிங் படிப்புக்கான தங்குமிடம். பிள்ளைக்கு வீடு இருக்கிறது, லீவுக்குப் போகும். தமிழ்நாட்டில் இதற்கு 2014ஆம் ஆண்டில் வந்த விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

நம் பக்கத்து ஆசிரியர்களையும் நர்சுகளையும் கேட்டுப் பாருங்கள், அப்பாவோ தாத்தாவோ ஒருவர் போர்டிங்கில் படித்திருப்பார். ஜெர்மனியில் 1959இல் இந்தியப் பிள்ளைகளுக்காகவே தொடங்கிய கிண்டர்நோட்ஹில்ஃபே போன்ற அமைப்புகளின் பணத்தில் தென்னிந்தியாவில் பல போர்டிங்குகள் நடந்தன. அன்றைக்கு உயர்நிலைப் பள்ளி பத்து மைல் தூரத்தில் இருந்தது. இன்றைக்கு இலவச பஸ் பாஸும் சைக்கிளும் வந்துவிட்டன. பள்ளிக்கூடமும் பக்கத்தில் வந்துவிட்டது. பல போர்டிங்குகளில் பிள்ளைகள் குறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம். அதை நான் நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் போர்டிங் வேண்டியே இருக்கிற பிள்ளைகளும் உண்டு. காது கேளாத பிள்ளைக்குப் பாளையங்கோட்டை ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் பள்ளி மாதிரி ஓர் இடத்தில் தங்கிப் படிப்பதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. எங்கள் 11 பேரில் ஒருத்தி அப்படி. செங்கல் சூளைக்கும் உப்பளத்துக்கும் மாறி மாறிப் போகிற அம்மாவின் பையன் ஒருவன், எந்தப் பள்ளியிலும் ஆறு மாதம் தாண்டாதவன். அவனுக்கும் போர்டிங் சரி. இந்த இருவருக்கும் நாமே கட்டத் தேவையில்லை. இருக்கிற நல்ல போர்டிங்கில் சேர்த்துவிட்டுச் செலவைக் கொடுக்கலாம், மாதம் ஒரு தடவை வீட்டுக்கு அழைத்து வர வண்டிக்காசும் சேர்த்து. ஆறாம் வகுப்புக்குக் கீழே இருக்கிற பிள்ளையை, வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய, போர்டிங்கில் விடக் கூடாது என்பது என் கருத்து. ஒன்பது வயதுப் பிள்ளை இரவில் எதற்கு அழுகிறது என்று வார்டனுக்குத் தெரியாது.

அம்மாவோடும் ஆச்சியோடும்

மோசேயின் கதையில் ஓர் இடம் உண்டு. பார்வோனின் குமாரத்தி நாணற்பெட்டியில் பிள்ளையைக் கண்டெடுத்தாள். அரண்மனை அவளிடம் இருந்தது, தாதிகள் இருந்தார்கள். ஆனாலும் பிள்ளையைப் பெற்ற தாயிடமே கொடுத்து, வளர்த்துத் தா, சம்பளம் தருகிறேன் என்றாள். தாய் என்று தெரியாமலே செய்தாள் என்றாலும், நான் அறிந்த வரையில் பிள்ளையைத் தாயோடு வைத்து உதவியதற்கு இதைவிடப் பழைய முன்மாதிரி இல்லை.

இந்த வழிக்கு அரசாங்கத்திலும் பணம் இருக்கிறது, நம் ஆட்களுக்குத்தான் தெரிவதில்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்ற பெயரில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். விதவைத் தாயின் பிள்ளை, உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரற்ற பிள்ளை எல்லாரும் கேட்கலாம். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள்ளும் நகரத்தில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். அதே திட்டம் இல்லத்தில் இருக்கும் பிள்ளையின் பராமரிப்புக்குத் தருவது மாதம் 3,000 ரூபாய். ஊழியர் சம்பளம் அங்கே தனி என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பேச முடியாதுதான். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவரால் கவனிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். தாய்க்கு ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாதம் 1,200.

இவ்வளவு இருந்தும் எங்கள் பட்டியலில் இருந்த குடும்பங்களில் ஒன்றுக்கும் வாத்சல்யா பணம் வரவில்லை. ஏன் என்று கேட்டால், ஒரு வீட்டில் இறப்புச் சான்றிதழ் வாங்கவே இல்லை. இன்னொரு வீட்டில் ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் அப்பா பக்கத்துக் கார்டில் கிடக்கிறது. ஒரு தாய்க்கு வங்கிக் கணக்கில் எழுத்துப் பிழை. இந்தக் காகிதங்களுக்காக நாலு நாள் தாலுகா ஆபீசுக்கு அலைந்தால் நாலு நாள் பீடிக்கூலி போய்விடும். அங்கேதான் சபை உள்ளே வர வேண்டும் என்று நினைக்கிறேன். ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்து, அந்த அலைச்சலை அவர் எடுத்துக்கொண்டால், நாம் போடுகிற ஒரு ரூபாய் அரசாங்கத்திலிருந்து இரண்டு ரூபாயைக் கொண்டு வரும்.

இந்த வழியில் இருக்கிற கோளாறுகளையும் சொல்லியாக வேண்டும். பணம் பிள்ளைக்குப் போகாமல் கடனுக்குப் போகலாம். வீட்டில் குடிக்கிற மாமா இருக்கலாம். இல்லத்திலாவது அதிகாரி வந்து பார்ப்பார், ஒரு குடிசைக்குள் நடப்பதை யாரும் வந்து பார்ப்பதில்லை. எங்கள் விசாரிப்பிலேயே ஒரு பிள்ளை இருந்த வீடு பாதுகாப்பானது இல்லை என்று தெரிந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். ஐயரம்மா அன்றைக்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் பண்ணினார்கள், பிள்ளை இப்போது குழந்தைகள் நலக்குழுவின் பொறுப்பில் இருக்கிறது. அந்த ஒரு பிள்ளைக்கு ஓர் இல்லம் இருந்ததால்தான் போக இடம் கிடைத்தது. இல்லமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாவட்டத்தில் ஏற்கெனவே பதிவு பெற்று ஒழுங்காக நடக்கிற இல்லங்கள் இருக்கும்போது எங்கள் சேகரம் புதிதாக ஒன்று கட்டி, அதை நிரப்புவதற்காகத் தாய் உள்ள பிள்ளைகளைத் தேடிப் போகக் கூடாது என்கிறேன். கட்டில் போட்டுவிட்டால் அதை நிரப்பத் தோன்றும்.

ஆகவே பணம் மட்டும் போதாது. மாதம் இரண்டு தடவை யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளையோடு தனியாக ஐந்து நிமிஷம் பேச வேண்டும். வாய்ப்பாடு தெரியுதா என்று கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டியா, யாராவது அடிச்சாங்களா என்று கேட்க வேண்டும்.

சபைக் குடும்பங்கள் எடுத்து வளர்ப்பது

இதைப் பற்றிக் கமிட்டியில் யாருமே பேசவில்லை. எனக்கு அது வருத்தம்.

ஒரு காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு இந்தியாவில் சட்டப்படி தத்தெடுக்க வழியில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களுக்கானது. நமக்கு 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் ஆகும் உரிமை மட்டும் இருந்தது. இளைஞர் நீதிச் சட்டம் வந்து, அதில் 2006இல் திருத்தமும் வந்த பிறகு நிலைமை மாறியது. எந்த மதத்தவரும் அந்தச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்துவிட்டது. இப்போது தத்தெடுக்க விரும்புகிறவர்கள் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையப் பதிவில் வரிசையில் நிற்க வேண்டும், கைக்குழந்தைக்குப் பல வருஷம் ஆகும். ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் மூலம் ஒரு குழந்தை என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது குற்றம்.

தத்து வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு. வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளை நம் வீட்டில் வளரும், சட்டப்படி நம் பிள்ளை ஆகாது, அரசு அதற்கும் மாதம் 4,000 தருகிறது. 2024இல் வந்த புதிய வழிகாட்டுதல்களின்படி 35 முதல் 60 வயதுக்குள் இருக்கிற தனி ஆட்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு வருஷம் வளர்த்த பிறகு தகுதி இருந்தால் தத்தெடுக்கவும் கேட்கலாம். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டு, நாலு அறை வீட்டில் இரண்டு பேராக இருக்கிற குடும்பங்கள் எங்கள் சபையிலேயே எத்தனை!

நான் நாலு வீட்டில் பேசிப் பார்த்தேன். இரண்டு வீட்டில் முதலில் வந்த கேள்வி, "பிள்ளை என்ன ஆளுக?" என்பது. என்ன சாதி என்று அர்த்தம். ஞானஸ்நானம் எடுத்து நாலு தலைமுறை ஆன வீடுகள். இந்தக் கேள்வி நம் சபைகளில் இருக்கிற வரைக்கும் இல்லங்களுக்குப் பிள்ளைகள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். மூன்றாவது வீட்டில் உடம்புக்கு முடியவில்லை என்றார்கள். நாலாவது வீட்டு அக்கா ஒருவர், ஓய்வுபெற்ற டீச்சர், "பாரம் எங்கே கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

எந்தப் பள்ளிக்கூடம்

இங்கே அன்பு மிகுந்து தப்புச் செய்கிறவர்கள் நாம். திக்கற்ற பிள்ளையை நம் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் பீஸ் இல்லாமல் சேர்த்துவிட்டால் பெரிய உதவி என்று நினைக்கிறோம். அதனால் பிள்ளை எதை இழக்கிறது என்று பாருங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் அரசுப் பள்ளியிலும், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலும் படித்தவர்களுக்கு. நம் சபைகள் நடத்துகிற பழைய பள்ளிகள் பெரும்பாலும் உதவிபெறும் பள்ளிகள்தான், அங்கே சேர்த்தால் இந்த உதவித்தொகை கிடைக்கும், 7.5 சதவீதம் கிடைக்காது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு அரசுப் பள்ளியும் சாயங்காலம் சபையில் ஒரு நல்ல டியூஷனும் போதும் என்று நினைக்கிறேன். இங்கிலீஷை அந்த டியூஷனில் சொல்லிக் கொடுக்கலாம்.

இதைவிட முக்கியமானது சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டும்தான். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடும். அந்த ஆணை நியாயமா என்பது வேறு விவாதம், நியாயம் இல்லை என்பதுதான் என் எண்ணம். ஆனால் நிலைமை அதுதான் என்னும்போது, பத்து வயதுப் பிள்ளைக்குப் பெயரை மாற்றி, பள்ளிப் பதிவேட்டில் மதத்தை மாற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பிள்ளையின் படிப்பிலும் வேலையிலும் கை வைக்கிறார்கள். பிள்ளை வளர்ந்து, தானே அறிந்து எடுக்க வேண்டிய முடிவு அது. அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவும், அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் மதபோதனையில் யாரும் கட்டாயமாகப் பங்கெடுக்க வேண்டியதில்லை, சிறுவர் என்றால் பாதுகாவலர் சம்மதம் வேண்டும் என்கிறது. நான் ஜெபிக்கிறவன். பிள்ளைகளுக்காகவும் ஜெபிப்பேன். ஆனால் ஒரு பிள்ளை தட்டில் சோறு விழுவதற்காகக் கண்ணை மூட வேண்டியதில்லை.

பெற்றோர் இருவரையும் பத்து வயதுக்குள் இழந்து, கவனிக்க யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகளைத் தமிழக அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சாதி தெரியாத பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்காது என்று கைவிட்டுவிடுகிற இல்லங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம், 18 வயது. இல்லத்தில் வளர்ந்தவர்கள் அந்த வயதில் வெளியே வர வேண்டும், 21 வரை பின்பராமரிப்பு உண்டு என்று சட்டம் சொல்கிறது. என்னோடு இருந்தவர்களில் சிலர் கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பொங்கலுக்குப் போக ஓர் இடம் இருக்கும்.

எங்கள் கணக்கு

கமிட்டியில் நான் வைத்தது இதுதான். 8 பிள்ளைகள் இப்போது வளர்கிற வீடுகளிலேயே இருக்கட்டும். அரசுப் பணம் வரும்வரைக்கும் அதற்குப் பிறகு தேவையைப் பொறுத்தும் பிள்ளைக்கு மாதம் 2,500 ரூபாய், வருஷத்துக்கு 2,40,000. வீடு வீடாகப் போகவும் ஆபீசுக்கு அலையவும் ஒரு பெண் ஊழியர், மாதம் 12,000, வருஷத்துக்கு 1,44,000. போர்டிங்கில் இருவருக்கு 72,000. மீதி 1,44,000 ஆஸ்பத்திரிக்கும் கூரை மாற்றவும் கல்லூரி முதல் வருஷப் பீஸுக்கும். நலக்குழுவின் பொறுப்பில் இருக்கிற பிள்ளைக்கு நாம் பணம் தரத் தேவையில்லை, அவர்கள் அனுமதித்தால் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். 40 சென்ட் நிலத்தை இப்போதைக்கு அப்படியே வைப்போம். ஒரு கொட்டகை போட்டால் சாயங்காலப் படிப்புக்கு ஆகும்.

அண்ணாச்சியிடம் போனில் பேசினோம். "கட்டடம் இல்லாம என்னத்தக் காட்டுவீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளைகளின் போட்டோவை அனுப்ப மாட்டோம், பெயரும் சொல்ல மாட்டோம், வருஷக் கணக்கையும் எத்தனை பிள்ளைகள் பள்ளியில் தொடர்கிறார்கள் என்பதையும் அனுப்புகிறோம் என்று ஐயர் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றவர், பத்து நாள் கழித்து முதல் தவணையை அனுப்பினார்.

அந்தப் பணத்தில் முதல் செலவு ஆகிவிட்டது. அப்பா அம்மா இருவரும் இல்லாத அண்ணனையும் தங்கையையும் வளர்க்கிற ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை. அடுப்பு தெரியவில்லை, பிள்ளை நோட்டில் டீச்சர் எழுதுகிறது தெரியவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் பிள்ளைகளை எங்கேயாவது சேர்த்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண் முகாமில் ஆபரேஷன் இலவசம். கூட இருக்க ஓர் ஆள், ஒரு வாரம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, ஆட்டோ என்று 3,200 ரூபாய் ஆனது. கட்டுப் பிரித்த மறுநாள் ஐயரம்மாவோடு போயிருந்தேன். ஆச்சி பேத்தியைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.